தீவிடை வானவழியும் அதன் தூரக் கணிப்பும்

தூரம் என்னுஞ் சொல் ஒன்று. அஃது உணர்த்தும் பொருள்களோ பல. மலைநாட்டில் வாழ்வோர் இவ்வுண்மையை எவரும் எடுத்துக் கூறாமலே அறிவர். கொழும்புக் கோட்டையிலிருந்து நானுஓயா வரையுள்ள புகையிரதப் பாதை ஏறக்குறைய 207 கிலோமீற்றர் நீளமுடையது. அவ்விரு நிலையங்களையும் தேசப்படத்தில் நேர்கோட்டால் இணைத்து அளந்தாலோ, நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவாகவே காணப்படும். எஞ்சிய தூரத்தை மலைச்சரிவுகளும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளும் தமக்கென எடுத்துக்கொண்டன. அட்டனிலும் தலவாக்கலையிலும் ஒரு தோட்டத்து லயத்திலிருந்து எதிர்மலைத் தோட்டத்து லயம் கூப்பிடு தூரத்தில் தோன்றும். வீதிவழியே அதனை அடையப் புறப்பட்டாலோ அரைநாள் கழியும். மன்னாரிலிருந்து காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்து வந்த முன்னோர் தூரத்தை மைலால் அளந்தாரல்லர்; நாள்களாலும் தங்குமிடங்களாலும் அளந்தனர்.

தரைவழித் தூரத்துக்காயினும் பாதை உண்டு. பாதையோரம் மைற்கற்கள் உண்டு. நில அளவையாளர் சங்கிலியிட்டு அளத்தற்கு இடமும் உண்டு. நடுவே பெருங்கடல் பரந்துகிடக்கும் இரு தீவுகளுக்கிடையே இவற்றுள் ஒன்றுமில்லை. ஆயினும் ஒரு தீவின் விமான நிலையத்திலிருந்து மற்றொரு தீவின் விமான நிலையத்துக்கு இத்தனை மைல் என்று அட்டவணைகள் ஐயமின்றிக் கூறுகின்றன. இத்தூரத்தைக் கயிறு பிடித்து அளந்தவர் எவருமிலர். அது கணித்துப் பெறப்பட்டது. அக்கணிப்பு எவ்வாறு நிகழ்கின்றது என்பதையும், அதனைக் கற்ற மாணவன் நூல்களில் அச்சேறிய எண்ணையும் பரிசோதிக்கும் ஆற்றல் பெறுகிறான் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெருவட்டமும் கடல் மைலும்

பூமி கோள வடிவினது. கோளத்தின் மேற்பரப்பில் நேர்கோடு வரைதல் இயலாது. எக்கோடும் வளைந்தே செல்லும். அங்ஙனமாயின், இரு புள்ளிகளுக்கிடையே மிகக் குறுகிய வழி யாது? கோளத்தின் மையத்தினூடாகவும் அவ்விரு புள்ளிகளினூடாகவும் ஒரு தளத்தால் வெட்டினால் மேற்பரப்பில் ஒரு வட்டம் தோன்றும். அதுவே பெருவட்டம் எனப்படும். ஒரு தோடம்பழத்தைச் சரிபாதியாக வெட்டும்போது தோலில் விழும் கோடு பெருவட்டத்துக்கு எடுத்துக்காட்டு. இரு இடங்களையும் இணைக்கும் பெருவட்டத்தின் சிறிய வில்லே அவற்றிடையேயுள்ள மிகக் குறுகிய தூரமாகும். விமானத் தூரம் என்று அட்டவணைகள் குறிப்பதும் பெரும்பாலும் இதனையே.

பெருவட்டத்தின் முழுச்சுற்று 360 பாகை. ஒவ்வொரு பாகையும் 60 கலை கொண்டது. பூமியின் பெருவட்டத்தில் ஒரு கலைக்குரிய வில்லின் நீளமே கடல் மைல் என்னும் அலகுக்கு அடிப்படை. 1929ஆம் ஆண்டில் இவ்வலகு 1,852 மீற்றர் எனச் சர்வதேச முறையில் வரையறுக்கப்பட்டது. நிலத்திலே வழங்கும் மைல் இதனினும் சிறியது. அது 1,609 மீற்றரே. ஆகவே ஒரு கடல் மைல் ஏறக்குறைய 1.15 நில மைலுக்குச் சமம். இவ்விரு மைல்களின் வேற்றுமையை வாசகர் மனத்திற் கொள்க. இது பின்னர்ப் பெரிதும் பயன்படும்.

கடல் மைலின் சிறப்பு யாதெனில், கோணத்தைத் தூரமாக மாற்றுவதற்கு வேறொன்றும் வேண்டியதில்லை. பூமியின் மையத்தில் இரு இடங்களும் தாங்கும் கோணம் எத்தனை கலையோ அத்தனை கடல் மைல் அவற்றிடைத் தூரம். எனவே தூரத்தைக் காணும் வினா, கோணத்தைக் காணும் வினாவாக மாறிவிடுகின்றது.

ஓரிடத்தின் முகவரி

கோணத்தைக் காண்பதற்கு முன் ஒவ்வோரிடமும் கோளத்தின்மேல் எங்குள்ளது என்று குறித்தல் வேண்டும். மத்திய கோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே எத்தனை பாகை என்பது அகலாங்கு. ஒரு குறித்த தொடக்கக் கோட்டிலிருந்து கிழக்கே அல்லது மேற்கே எத்தனை பாகை என்பது நெட்டாங்கு. 1884ஆம் ஆண்டு வாஷிங்டனிற் கூடிய மகாநாடு கிறீனிச்சினூடாகச் செல்லும் கோட்டைத் தொடக்கக் கோடாக ஏற்றது.

அதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே பாரதநாட்டு வானநூலார் தமக்கெனத் தொடக்கக் கோடொன்றை வகுத்திருந்தனர். அஃது உச்சயினி நகரினூடாகச் சென்று மத்திய கோட்டைச் சந்திக்கும் இடத்தை அவர்கள் இலங்கை என்று பெயரிட்டழைத்தனர். ஆரியபட்டரும் சூரிய சித்தாந்தமும் கூறும் இவ்விலங்கை, அகலாங்கும் நெட்டாங்கும் சூனியமாகவுள்ள ஒரு கணித நிலையமேயன்றி வேறன்று. நாம் வாழும் இலங்கையின் தென்முனையாகிய தெவிநுவரை மத்திய கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 6 பாகையில் உள்ளது. உச்சயினியின் கோட்டுக்கு அது கிழக்கே கிடக்கின்றது. பெயர் ஒன்றாயினும் இடம் வேறு. ஆயினும் பூமியைக் கோளமாகக் கொண்டு, அதன்மேல் இடங்களைக் கோணங்களாற் குறிக்கும் முறை நம்மவர்க்குப் புதியதன்று என்பது இதனால் விளங்கும்.

அன்றியும், இக்கணிப்புக்கு இன்றியமையாத சைன் அட்டவணையை 499ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஆரியபட்டீயத்திலே காணலாம். கால்வட்டத்தை 24 சமபங்காக்கி, 3 பாகை 45 கலை இடைவெளிதோறும் அரைநாணின் அளவை அந்நூல் தருகின்றது. ஜ்யா, ஜீவா என வழங்கிய அரைநாணின் பெயர் அராபியர் வழிச் சென்று, இலத்தீனில் மொழிபெயர்க்கப்படுங்கால் சைனஸ் எனத் திரிந்தது. இன்று பாடசாலையில் நாம் கற்கும் சைன் அதுவே.

கணிப்பு முறை

பூமியின் மையத்திலிருந்து ஓரிடத்துக்கு ஒரு கோடு வரைக. அதன் நீளத்தை ஒன்று எனக் கொள்வோம். அக்கோட்டின் நுனி மத்திய கோட்டுத் தளத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளதோ அஃது அகலாங்கின் சைன். பூமியின் அச்சிலிருந்து எவ்வளவு விலகியுள்ளதோ அஃது அகலாங்கின் கோசைன். இரண்டாம் இடத்துக்கும் இவ்வாறே. இரு கோடுகளும் எவ்வளவுக்கு ஒரே திசையை நோக்குகின்றன என்பதை அறிய, உயரங்களை ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். விலக்கங்களையும் ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். விலக்கங்கள் வெவ்வேறு நெட்டாங்குகளை நோக்கியவை. ஆதலின் அப்பெருக்கத்தை நெட்டாங்கு வித்தியாசத்தின் கோசைனாலும் பெருக்குதல் முறை.

இதிலிருந்து பெறப்படும் விதி வருமாறு: இரு அகலாங்குகளின் சைன்களைப் பெருக்குக. இரு அகலாங்குகளின் கோசைன்களையும் நெட்டாங்கு வித்தியாசத்தின் கோசைனையும் பெருக்குக. இவ்விரு பெருக்கங்களையும் கூட்டுக. வருந்தொகை வேண்டிய கோணத்தின் கோசைனாகும். வடக்கு அகலாங்கை நேர் எண்ணாகவும் தெற்கு அகலாங்கை மறை எண்ணாகவும் கொள்ளுதல் அவசியம்.

தமிழ்த் தொழிலாளர் குடிபெயர்ந்து சென்ற இரு தீவுகளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஒன்று, கோப்பியும் தேயிலையும் பயிரிட அவர்கள் வந்த இலங்கை. மற்றொன்று, கரும்புத் தோட்டங்களுக்கு அவர்கள் சென்ற மொரீசியசு. கட்டுநாயக்கா விமான நிலையம் வடக்கு 7 பாகை 11 கலை, கிழக்கு 79 பாகை 53 கலையில் உள்ளது. மொரீசியசுத் தீவின் பிளேசன்ஸ் விமான நிலையம் தெற்கு 20 பாகை 26 கலை, கிழக்கு 57 பாகை 41 கலையில் உள்ளது. நெட்டாங்கு வித்தியாசம் 22 பாகை 12 கலை.

சைன்களின் பெருக்கம் 0.0437, ஓரிடம் வடக்கிலும் மற்றையது தெற்கிலும் இருத்தலின் இது மறை எண். கோசைன்களின் பெருக்கம் 0.8608. இரண்டையும் கூட்ட வருவது 0.8171. இதனைக் கோசைனாகவுடைய கோணம் 35 பாகை 12 கலை. அதாவது 2,112 கலை. எனவே இரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட தூரம் 2,112 கடல் மைல். கிலோமீற்றரில் ஏறக்குறைய 3,911. நான்கு இலக்க அட்டவணை ஒன்றும் கால்மணி நேரப் பொறுமையுமே இதற்கு வேண்டிய கருவிகள்.

மறைக் குறியை ஒருவன் மறந்துவிட்டான் என வைத்துக்கொள்வோம். அப்போது கோசைன் 0.9045 ஆகும், கோணம் 25 பாகையைச் சற்றே தாண்டும், தூரம் 1,515 கடல் மைலாகக் குறைந்துவிடும். அக்கணிப்பை நம்பி எரிபொருள் நிரப்பிய விமானம், தீவை அடையுமுன் ஏறக்குறைய 600 கடல் மைலுக்கு அப்பாலேயே வெறுங்கடலின்மேல் நிற்கும். பரீட்சைத் தாளில் ஒரு புள்ளியை இழப்பிக்கும் சிறுகோடு, கடலின்மேல் உயிர்களையே இழப்பிக்கவல்லது.

கணிப்பின் எல்லைகள்

பூமி நிறைகோளமன்று, துருவங்களிற் சற்றே தட்டையானது. மத்திய கோட்டில் அதன் ஆரை 6,378 கிலோமீற்றர். துருவத்தில் 6,357 கிலோமீற்றர். ஆகவே கோளம் எனக்கொண்டு பெறும் விடையில் நூற்றுக்கு அரைப்பங்கு வரை பிழை நேரலாம். இதனையும் நீக்க விரும்புவோர் 1975இல் வின்சென்றி வெளியிட்டது போன்ற நுண்முறைகளைக் கையாளுவர்.

விமானம் உயரத்திற் பறப்பதால் தூரம் கூடாதோ எனச் சிலர் வினவுவர். கூடும், ஆனால் மிகச் சிறிதே. இலங்கையின் மிகவுயர்ந்த சிகரமாகிய பீதுருதலாகலை 2,524 மீற்றர் உயரமுடையது. பூமியின் ஆரையோடு ஒப்பிட்டால் அஃது ஏறக்குறைய 2,500இல் ஒரு பங்கு. பத்துக் கிலோமீற்றர் உயரத்திற் பறக்கும் விமானத்துக்கும் மொரீசியசு வழியில் மிகும் தூரம் ஆறு கிலோமீற்றரளவே.

குறுந்தூரங்களுக்கு மேற்கூறிய விதி நன்கு பயன்படாது. கொழும்புக்கும் நானுஓயாவுக்கும் இடைப்பட்ட கோணம் ஒரு பாகையினும் குறைவு. அதன் கோசைன் 0.9999 ஆகும். அத்தகைய எண்ணிலிருந்து கோணத்தை மீட்டுப் பெறும்போது அட்டவணையின் கடைசி இலக்கம் விடையைப் பெரிதும் பிறழச் செய்யும். இக்குறையை நீக்கக் கடலோடிகள் ஹவர்சைன் என்னும் வேறோர் அளவைக் கையாண்டனர். அப்பெயரை 1835இல் வழக்குக்குக் கொணர்ந்தவர் ஜேம்ஸ் இன்மன் என்பவர்.

கொக்கலையிலிருந்து பேர்த்துக்கு

இனி, தூரக் கணிப்பு உயிர்ப் பிரச்சினையாக நின்ற ஒரு வரலாற்றை நோக்குவோம். 1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் யப்பானியர் கையில் வீழ்ந்தது. அதனோடு பிரித்தானியாவையும் அவுஸ்திரேலியாவையும் இணைத்த விமானவழி அறுந்தது. அவ்வழியை மீண்டும் இணைக்க, 1943இல் குவாண்டாஸ் நிறுவனம் இலங்கையின் தென்கரையிலுள்ள கொக்கலை வாவிக்கும், மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலே சுவான் ஆற்றுக்கும் இடையே கற்றலினா என்னும் நீர்விமானங்களைச் செலுத்தலாயிற்று. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சிறு விமானங்கள் நீர்மேல் வந்திறங்கியதைக் கண்ட அட்டன் பகுதியினர்க்கு நீர்விமானம் இன்னதெனச் சொல்ல வேண்டியதில்லை. கற்றலினாவோ அவற்றினும் மிகப் பெரியது.

வழியில் இறங்கி எரிபொருள் பெறும் வசதி அவற்றுக்கு இருக்கவில்லை. பகைவர் அறியாதிருக்க வானொலியும் மௌனம் காத்தது. சூரியனையும் விண்மீன்களையும் அளந்தே மாலுமிகள் வழியறிந்தனர். பயணம் ஏறக்குறைய 28 மணிநேரம் நீடித்தது. மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம் பிடித்தது. ஒரே பயணத்தில் இருமுறை சூரியோதயம் காண நேர்ந்தமையால் அது இரட்டைச் சூரியோதயப் பயணம் எனப் பெயர்பெற்றது. எரிபொருளின் பாரம் மிகுதியாயிருந்தமையின், பயணிகள் மூவரும் 69 கிலோகிராம் தபாலுமே ஏற்ற முடிந்தது. 1945 வரை 271 முறை அவை கடலைக் கடந்தன.

அவ்விமானங்கள் ஐந்துக்கும் விண்மீன்களின் பெயர்களே சூட்டப்பட்டன: அல்ற்றேர், வேகா, றைஜெல், அன்ராறெஸ், ஸ்பைக்கா. இவற்றுள் அல்ற்றேர் நமது திருவோணம், வேகா அபிசித்து, அன்ராறெஸ் கேட்டை, ஸ்பைக்கா சித்திரை. நாம் பஞ்சாங்கத்தில் நாடோறும் காணும் விண்மீன்களே கடல்மேற் செல்வோர்க்கு வழிகாட்டிகளாயும் அமைவன.

இவ்வழியின் தூரம் 3,513 என வரலாற்றுக் குறிப்புகள் கூறும். ஆனால் ஒருசாரார் அதனை மைல் என்பர். மற்றொருசாரார் கடல் மைல் என்பர். இரண்டுக்குமுள்ள வேற்றுமை சிறிதன்று. 3,513 கடல் மைல் 6,506 கிலோமீற்றராகும். 3,513 நில மைலோ 5,654 கிலோமீற்றரே. எது சரி? இதற்கு விடைகாணப் பழைய பத்திரங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. நாமே கணித்துப் பார்க்கலாம்.

கொக்கலை வடக்கு 5 பாகை 59 கலை, கிழக்கு 80 பாகை 20 கலை. பேர்த்தின் சுவான் ஆற்றுத் துறை தெற்கு 31 பாகை 59 கலை, கிழக்கு 115 பாகை 49 கலை. நெட்டாங்கு வித்தியாசம் 35 பாகை 29 கலை. சைன்களின் பெருக்கம் 0.0552, மறை எண். கோசைன்களின் பெருக்கம் 0.6869. கூட்டுத்தொகை 0.6317. கோணம் 50 பாகை 49 கலை. ஆகவே தூரம் 3,049 கடல் மைல். நில மைலாக மாற்றினால் 3,509. அச்சிட்ட எண்ணுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு நான்கே மைல். எனவே 3,513 என்பது நில மைலையே குறிக்கும் எனல் தெளிவு.

யுத்தகாலமாதலின் விமானங்கள் வளைந்து சென்றிருத்தல் கூடுமே, அதனாற் கடல் மைல் எனக் கொள்வதும் பொருந்துமே என ஒருவர் தடை எழுப்பலாம். அத்தடையையும் ஆராய்வோம். கற்றலினா சிக்கனமாகப் பறக்கும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 125 நில மைல்; அதாவது 108 கடல் மைல். 3,513 நில மைலை 28 மணியாற் பிரித்தால் மணிக்கு 125 நில மைல் என்றே வருகின்றது. 3,513 கடல் மைலை அவ்வாறு பிரித்தாலோ மணிக்கு 125 கடல் மைல் என வரும். பாரம் நிறைந்த அவ்விமானம் போகவர இருவழியிலும் அவ்வேகத்தைச் சராசரியாகக் காத்தது எனக் கொள்ளுதல் அரிது. மேலும், மிகுதியான 464 கடல் மைலைக் கடக்க நான்கு மணிக்கு மேற்பட்ட எரிபொருள் தேவை. தபாலைக்கூடக் கிலோகிராம் கணக்கில் நிறுத்து ஏற்றிய விமானத்தில் அதற்கு இடமேது? ஆக, கோணக் கணிப்பும் காலக் கணிப்பும் தனித்தனியே நின்று ஒரே தீர்ப்பை வழங்குகின்றன.

இன்னும் ஒன்று. பாகைகளைத் தட்டைத் தாளில் வரைந்த சதுரங்களாகவே கருதி, செங்கோண முக்கோண விதியால் இத்தூரத்தைக் கண்டால் 3,118 கடல் மைல் கிடைக்கும். உண்மைக்கும் அதற்கும் 69 கடல் மைல் வேறுபாடு. கற்றலினாவுக்கு அஃது அரைமணிக்கு மேற்பட்ட பறப்பு. இனி, திசைகாட்டியில் ஒரே திசையை மாறாமற் பிடித்துச் செல்லும் வழி பெருவட்டத்தினும் எவ்வளவு நீண்டது எனப் பார்த்தால், இவ்விடத்தில் மூன்று கடல் மைலளவே மிகும். மத்திய கோட்டை ஊடறுத்து வடக்குத் தெற்காகச் சாய்ந்து செல்லும் வழியாதலின் இவ்வாறு அமைந்தது. துருவங்களை அண்டிய நாடுகளிற் கிழக்கு மேற்காகச் செல்லும் வழிகளிலேதான் பெருவட்டத்தின் ஆதாயம் பெரிதும் புலப்படும். ஆனால் திசையில் ஒரு பாகை வழுவினால், பேர்த்திலிருந்து புறப்பட்ட விமானம் கொக்கலைக்கு ஏறக்குறைய 46 கடல் மைல் விலகிவிடும். தூரம் அறிந்தால் மட்டும் போதாது. திசையும் பிழையாதிருத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

முடிவுரை

எண் என்பது தனியே நின்று பொருள் தருவதன்று. அதனோடு அலகு வேண்டும். அது பெறப்பட்ட முறையும் தெரிதல் வேண்டும். அலகு மாறி அச்சேறிய ஓர் எண், நூலிலிருந்து நூலுக்குச் செல்லும்போது உண்மையின் கோலத்தைத் தாங்கிக்கொள்கின்றது. பலர் கூறினர் என்பதால் அது மெய்யாகிவிடாது. எப்பொருள் எத்தன்மைத்தாயினும் அதன் மெய்யைக் காணுதலே அறிவென்பது நம் முன்னோர் கொள்கை. அம்மெய்யைக் காண இவ்விடயத்தில் வேண்டியது பெரும் ஆய்வுகூடமன்று. இரு இடங்களின் அகலாங்கு நெட்டாங்குகளும், திரிகோண கணித அட்டவணையுமே. அவை மலைநாட்டின் எந்தப் பாடசாலையிலும் கிடைக்கக்கூடியவை.

கடல்களைக் கடந்து இரு தீவுகளை இணைக்கும் வழியை, வீட்டு விளக்கின்கீழ் அமர்ந்தவாறே ஒரு மாணவன் அளந்தறியலாம். நம் மக்கள் சென்று குடியேறிய பீஜித் தீவின் நாந்தி விமான நிலையம் தெற்கு 17 பாகை 45 கலை, கிழக்கு 177 பாகை 27 கலையில் உள்ளது. கட்டுநாயக்காவிலிருந்து அதன் தூரத்தை வாசகர் தாமே கணித்து, பின்னர் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்ப்பாராக. மறைக் குறியை மட்டும் மறவாதிருத்தல் நன்று.